நிழலை மையில் நிறுத்திய டால்பட்

நாம் நாள்தோறும் புரட்டும் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றைக் காண்கிறோம். முதியோர் முகத்திலுள்ள திரைகளும், மேகம் படிந்த மலைச்சாரலும், மாலை வெயிலில் நீண்டு கிடக்கும் கோபுர நிழலும் அவற்றில் இயற்கையாகவே அமைந்து விளங்குகின்றன. அவற்றைக் கண்டு மகிழும் நாம், கரிய மை ஒன்றையே உடைய அச்சுயந்திரம் இத்துணைச் சாயல்களை எங்ஙனம் தந்தது என எண்ணிப் பார்ப்பதில்லை. மையோ கறுப்பு, தாளோ வெள்ளை. இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் சாம்பல் நிறங்கள் எண்ணிறந்தன. அவற்றை மையினால் காட்டுவது எவ்வாறு என்னும் வினாவிற்கு விடை காணத் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் இருபத்தைந்து ஆண்டுகளைச் செலவிட்டார் ஓர் ஆங்கிலப் பேரறிஞர். அவரே வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட் என்பவர். நிழற்படக் கலையின் தந்தையருள் ஒருவர் என உலகம் அவரை அறியும். தாம் கண்ட கலையின் குறையைத் தாமே உணர்ந்து, அதனை நீக்க அவர் பட்ட பாட்டினை அறிந்தார் சிலரே. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டால்பட் இங்கிலாந்தின் தென்பாகத்தில் டார்செட் பகுதியிலுள்ள மெல்பரி என்னுமிடத்தில் 1800-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி பிறந்தார். அவர் ஐந்து மாதக் குழந்தையாயிருக்கும்பொழுதே தந்தையார் இறந்துபோனார். தந்தையார் மகனுக்கு வைத்துச் சென்றவை வில்ட்ஷயர் பகுதியில் லேகாக் என்னும் சிற்றூரிலுள்ள பழைய மாளிகையும், அதனோடு சேர்ந்த நிலங்களும், அவற்றின்மேல் ஏறியிருந்த பெருங்கடனுமே. அம்மாளிகை 13-ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடமாக எடுக்கப்பெற்றுப் பின்னர்க் குடும்பத்தார் உறைவிடமாக மாறியது. தாயார் எலிஸபெத் அம்மையார் ஒரு பிரபுவின் மகள், பல மொழிகளைக் கற்றவர், மனத்திண்மை மிக்கவர். அவர் 1804-ஆம் ஆண்டில் சார்லஸ் பீல்டிங் என்னும் கடற்படை அதிகாரியை மணந்துகொண்டார். பீல்டிங் சிறுவனைத் தம் மகனாகவே கருதி வளர்த்தார். தாயும் மாற்றுத் தந்தையும் சிக்கனமாக வாழ்ந்து நிலங்களைச் செவ்வனே பேணிக் கடனைத் தீர்த்தமையால், 1827-ஆம் ஆண்டில் டால்பட் தம் முன்னோர் மாளிகையிற் குடிபுக இயன்றது.

இளமையில் டால்பட் ஹாரோ பள்ளியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரியிலும் பயின்றார். கிரேக்க மொழியில் செய்யுள் இயற்றுவதில் வல்லவராய் 1820-இல் போர்சன் பரிசைப் பெற்றார். மறு ஆண்டு கணிதத் தேர்வில் பன்னிரண்டாவது இடம் அவருக்குக் கிடைத்தது. மொழியிலும் கணிதத்திலும் ஒருங்கே தேர்ச்சி பெற்ற இவ்விரு தகுதியும் அவர் வாழ்நாள் முழுவதும் உடன்வந்தன. ஒளியியல், வான நூல், தாவர நூல், இரசாயனம் ஆகியவற்றிலும் அவர் உள்ளம் சென்றது. 1831-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1832-இல் சிப்பனம் தொகுதியின் சார்பாகப் பார்லிமெண்டுக்குச் சென்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே கான்ஸ்டன்ஸ் மண்டி என்னும் நங்கையை மணந்தார். அரசியல் அவர் மனத்தை நெடுங்காலம் பிணிக்கவில்லை. கூச்சமும் தனிமை விருப்பமும் உடைய அவர், சில ஆண்டுகளில் அப்பதவியைத் துறந்து ஆராய்ச்சிக்கே மீண்டார். 1838-இல் கணித ஆராய்ச்சிக்காக ராயல் சங்கத்தின் பதக்கத்தையும் பெற்றார்.

டால்பட்டின் பெரும்புகழுக்குக் காரணமாயிருந்தது ஒரு தோல்வியேயாம். 1833-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர் மனைவியுடன் இத்தாலி நாட்டுக்குச் சென்று கோமோ ஏரிக்கரையில் தங்கியிருந்தார். அங்குள்ள இயற்கைக் காட்சிகளை வரைய விரும்பி, காமிரா லூசிடா என்னும் கருவியைக் கையாண்டார். ஒரு பட்டைக் கண்ணாடியின் உதவியால், எதிரேயுள்ள காட்சி தாளின்மேல் கிடப்பதுபோலத் தோன்றச்செய்யும் கருவி அது. காட்சி தோன்றியது, ஆனால் எழுதுகோல் பிடித்த கை அதனைப் பின்பற்ற இயலவில்லை. உடன் இருந்த பெண்மக்கள் அழகுற வரைய, அவர் வரைந்தவை மட்டும் கோணல்மாணலாய் அமைந்தன. பத்தாண்டுகளுக்கு முன்னர் இருட்டுப்பெட்டி என்னும் கருவியைக் கொண்டு வரைய முயன்றபொழுது கண்ணாடியின்மேல் விழுந்த ஒளியோவியத்தின் வனப்பு அவர் நினைவுக்கு வந்தது. அவ்வோவியம் கண நேரத்தில் அழிவது. அஃது அழியாமல் தாளிலேயே தானாகப் பதிந்து நிற்குமாயின் எத்துணை நலம் என்ற எண்ணம் அப்பொழுதே அவர் உள்ளத்தில் உதித்தது.

நாடு திரும்பியதும் 1834-ஆம் ஆண்டில் லேகாக் மாளிகையில் பரிசோதனைகளைத் தொடங்கினார். வெள்ளி உப்புக்கள் வெயில் பட்டால் கறுக்கும் என்பது முன்னரே அறிஞர் அறிந்த செய்தி. டால்பட் நல்ல எழுதுதாளை முதலில் சோற்றுப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்தினார். பிறகு அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைத் தூரிகையால் பூசினார். தாளில் வெள்ளிக் குளோரைடு உண்டாயிற்று. ஓர் இலையையோ பின்னற் சரிகையையோ அதன்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலிற் காட்டினால், ஒளி பட்ட இடம் கறுத்தது. மறைந்த இடம் வெளிறி நின்றது. தாளின் சில ஓரங்கள் ஏனைய இடத்தினும் விரைவிற் கறுப்பதை அவர் நுணுகி நோக்கினார். அங்கே உப்பு குறைந்திருந்ததே காரணம் எனத் தெளிந்தார். உப்பைக் குறைத்தால் தாள் ஒளிக்கு விரைவில் இசையும், மிகுத்தால் இசையாது. இவ்வொரு குறிப்பினால் இரண்டு பயன் விளைந்தன. குறைந்த உப்பினால் தாளைப் பக்குவப்படுத்தினார். படம் பதிந்தபின் மிகுந்த உப்பிலே தோய்த்து அது மேலும் கறுக்காமல் காத்தார்.

1835-ஆம் ஆண்டு கோடையில் தச்சரைக்கொண்டு சிறு மரப்பெட்டிகள் செய்வித்து, கண்ணாடி வில்லை பொருத்தி, மாளிகையைச் சுற்றி ஆங்காங்கே வைத்தார். அவற்றைக் கண்ட மனைவியார் எலிப்பொறிகள் எனப் பெயரிட்டு நகைத்தாராம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அத்தகைய பெட்டியொன்றால் மாளிகையின் பலகணி ஒன்றைப் படம் எடுத்தார். ஓர் அஞ்சல்தலையைவிடச் சிறிதே பெரிதான அப்படத்தில் பலகணியின் கண்ணாடிச் சில்லுகள் ஏறத்தாழ இருநூற்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ணக்கூடியதாயிருந்தது என்று அவரே குறித்து வைத்துள்ளார். இன்று எஞ்சியுள்ள எதிர்ப்படங்களுள் மிகப் பழமையானது அதுவே.

இத்துணைச் சிறந்த வெற்றியைப் பெற்றும் அவர் அதனை வெளியிடவில்லை. கணிதமும் பிற ஆராய்ச்சிகளும் அவரை ஈர்த்துக்கொண்டன. 1839-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி, டாகேர் என்பவர் ஒளியால் படம் எடுக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்துள்ளார் எனப் பாரிஸ் நகரில் அராகோ என்னும் அறிஞர் அறிவித்தார். நான்கு ஆண்டுகள் பேசாதிருந்த டால்பட்டுக்கு இச்செய்தி இடிபோல் வந்தது. உடனே அம்மாதம் 25-ஆம் தேதி தம் படங்களை லண்டன் ராயல் நிலையத்தில் காட்சிக்கு வைத்தார். 31-ஆம் தேதி ராயல் சங்கத்தில் அவருடைய கட்டுரை படிக்கப்பெற்றது. டாகேர் செய்தது வெள்ளிப்பூச்சுள்ள செப்புத்தகட்டில் ஒரே ஒரு படம். அதற்குப் படி எடுக்க இயலாது. டால்பட் செய்தது தாளில் அமைந்த எதிர்ப்படம். அதனை மற்றொரு தாளின்மேல் வைத்து வெயிலிற் காட்டினால் நேர்ப்படம் கிடைக்கும். எத்தனை படிகள் வேண்டினும் எடுக்கலாம். பிற்காலத்து நிழற்படக் கலை ஒன்றரை நூற்றாண்டு இவ்வழியிலேயே நடந்தது.

அவர்தம் நண்பரும் வான நூற் பேரறிஞருமாகிய ஜான் ஹெர்ஷல் இந்நிலையில் பேருதவி புரிந்தார். ஹைப்போ என வழங்கும் உப்பு, வெள்ளிக் குளோரைடைக் கரைக்கும் என்பதை அவர் 1819-லேயே கண்டிருந்தார். படத்தை அதிற் கழுவினால் ஒளி படாத வெள்ளியுப்பு முழுதும் நீங்கிப் படம் நிலைபெறும் என்பதை 1839-இல் டால்பட்டுக்குத் தெரிவித்தார். எதிர்ப்படம், நேர்ப்படம் என்பவற்றுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களைக் கலைக்கு அளித்தவரும் ஹெர்ஷலே.

1840-ஆம் ஆண்டு செப்டம்பரில் டால்பட் மற்றொரு பெருவெற்றி அடைந்தார். வெள்ளி அயோடைடு பூசிய தாளைச் சிறிது நேரமே ஒளியிற் காட்டி எடுத்தால் அதில் ஒன்றும் தோன்றாது. ஆயினும் மாசிக்காயிலிருந்து கிடைக்கும் காலிக் அமிலத்தையும் வெள்ளி நைட்ரேட்டையும் கலந்து அதன்மேல் பூசினால், மறைந்து கிடந்த உருவம் மெல்ல மெல்ல வெளிப்படும். ஒரு மணி நேரம் வேண்டியிருந்த காரியம் இதனால் ஓரிரு நிமிடங்களில் முடிந்தது. கிரேக்க மொழியில் அழகு என்னும் பொருள்படும் சொல்லைக்கொண்டு இம்முறைக்குக் காலோடைப் எனப் பெயரிட்டு, 1841 பிப்ரவரியில் அதற்குத் தனியுரிமைப் பத்திரம் பெற்றார். மறு ஆண்டு ராயல் சங்கம் ரம்போர்டு பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது.

அத்தனியுரிமை ஸ்காட்லாந்து நாட்டைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே எடின்பரோவில் ஹில் என்னும் ஓவியரும் ஆடம்சன் என்னும் இளைஞரும் அம்முறையைத் தடையின்றிக் கையாண்டனர். 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுண்டு சுயாதீன சபை தோன்றியபோது, அதன் போதகர்களைப் பெரியதோர் ஓவியத்தில் தீட்ட விரும்பிய ஹில், முதலில் அவர்கள் முகங்களைக் காலோடைப் படங்களாக எடுத்துக்கொண்டார். சென்னையில் 1837-இல் கல்விச்சாலை தொடங்கிய ஜான் ஆண்டர்சன் முதலிய மிஷனெரிமார் சார்ந்து நின்றதும் இச்சபையையே என்பது நம்மனோர்க்கு நினைவுகூரத் தக்கது. தாளில் எதிர்ப்படம் எடுக்கும் முறை நம் நாட்டுக்கும் வந்தது. சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் 1858-இல் மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் மெழுகூட்டிய தாளில் எதிர்ப்படங்களாக எடுத்தார். அவற்றின் மூலம், டால்பட் லேகாக் மாளிகையிற் செய்த பரிசோதனைகளே.

படங்களைப் பலர்க்கும் பரப்பவேண்டும் என்னும் விருப்பத்தால், டால்பட்டின் பணியாளராயிருந்து பயிற்சி பெற்ற ஹென்னமன் என்பவர் ரெடிங் நகரில் ஒரு நிலையம் அமைத்தார். டால்பட் அதனை ஆதரித்தார். 1844-ஆம் ஆண்டு முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்த இயற்கையின் எழுதுகோல் என்னும் நூலுக்கு வேண்டிய படங்கள் அங்கே ஆயத்தமாயின. நிழற்படங்கள் ஒட்டி விற்பனைக்கு வந்த முதல் வாணிக நூல் என அறிஞர் போற்றுவது இதனையே. அதில் 24 படங்கள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு படமும் வெயிலில் வைத்து எடுத்துக் கழுவி உலர்த்திக் கையால் ஒட்டப்பெற்றது. மேகமூட்டமான நாளில் வேலை நடவாது. இங்கிலாந்தில் மேகமூட்டமில்லாத நாள் அரிது. ஆகவே படங்களின் விலையும் ஏறியது, வெளியீடும் தாமதித்தது.

இதனினும் பெரிய துன்பம் ஒன்று விரைவில் தோன்றியது. அரும்பாடுபட்டு எடுத்த படங்கள் வெளிறத் தொடங்கின. 1846-இல் கலைப்பத்திரிகை ஒன்றுடன் இணைத்து அனுப்புதற்கு ஆயிரக்கணக்கான படங்கள் விரைவாகச் செய்யப்பெற்றன. அவற்றுட் பல சில மாதங்களிலேயே மஞ்சளாகி மங்கின. கண்டோர் ஏளனம் செய்தனர். தாளில் எஞ்சி நின்ற ஹைப்போவும், காற்றின் ஈரமும், நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகமும் அப்படங்களின் மிக நுண்ணிய வெள்ளித் துகள்களை உருமாற்றிவிடுகின்றன. நகரங்களெல்லாம் நிலக்கரி எரித்த அக்காலத்தில் இதற்குத் தப்புதல் அரிதாயிருந்தது. 1855-இல் லண்டன் நிழற்படச் சங்கம் இக்கேட்டை ஆராய்வதற்கென்றே ஒரு குழுவை நிறுவ நேர்ந்ததெனின், அக்குறை எத்துணைப் பரவியிருந்தது என்பது விளங்கும். மறைந்தோர் முகத்தையும் இடிந்த கட்டடத்தையும் வருங்காலத்தார்க்குக் காத்துத் தரும் என எண்ணிய கலை, ஒரு தலைமுறையும் நில்லாதாயின் அதனால் விளையும் பயன் யாது?

இக்கவலையோடு வழக்குத் துன்பமும் அவரைச் சூழ்ந்தது. தனியுரிமையைக் கடுமையாகக் காத்து வந்தமையால் பலர் அவர்மேற் சினங்கொண்டனர். அறிவியற் சங்கத் தலைவர்கள் வேண்டியதன்மேல், 1852-இல் வாணிகத்திற்காக உருவப்படம் எடுப்போரை ஒழிய மற்றெல்லோரும் தம் முறையைக் கட்டணமின்றிக் கையாளலாம் என அறிவித்தார். ஆயினும் ஆர்ச்சர் என்பார் 1851-இல் வெளியிட்ட கலோடியன் முறையும் தம் உரிமைக்குள் அடங்கும் என்று வாதாடினார். 1854 டிசம்பரில் லரோஷ் என்னும் நிழற்படக்காரர்மேல் அவர் தொடர்ந்த வழக்கு விசாரணைக்கு வந்தது. காலோடைப் முறையைக் கண்டவர் டால்பட்டே என ஜூரிமார் ஒப்புக்கொண்டனர். ஆனால் லரோஷ் அவ்வுரிமையை மீறவில்லை எனத் தீர்த்தனர். டால்பட் உரிமையைப் புதுப்பியாமல் விட்டுவிட்டார். இவ்வழக்கில் அவர் கொண்ட பிடிவாதம் கலையின் வளர்ச்சிக்கு இடையூறாயிற்று என்று பலர் கூறுவர். அக்கூற்றை முற்றும் மறுத்தற்கில்லை. தாமும் பொருள் செலவிட்டு உழைத்தமையால் அதற்குரிய பயனை விரும்பினார் என்பதும் உண்மையே.

இனி, அவர் வாழ்வின் இரண்டாம் பெருமுயற்சிக்கு வருவோம். வெள்ளி மங்குகிறது. ஆனால் நானூறு ஆண்டுகளுக்கு முன் அச்சிட்ட நூல்களின் எழுத்து இன்றும் கரியதாயிருக்கிறது. ஏன்? அச்சுமையின் கருமை புகைக்கரியால் ஆயது. கரி ஒளியாலும் காற்றாலும் ஈரத்தாலும் எளிதில் மாறுபடாதது. ஆகவே நிழற்படத்தை வெள்ளியினின்று விடுவித்து மைக்கு மாற்றிவிட்டால் அது நிலைபெறும். வெயிலை எதிர்பாராமல் ஆயிரம் படிகளும் எடுக்கலாம். இவ்வாறு டால்பட் கருதினார்.

கருதுதல் எளிது, முடித்தல் அரிது. அச்சுத்தகட்டின் பள்ளத்தில் மை நிற்கும், மேட்டில் நில்லாது. கோடுகளால் ஆகிய சித்திரத்திற்கு இது போதும். நிழற்படமோ கோடுகளால் ஆயதன்று. வெண்மையினின்று கருமைவரை இடையறாது மாறிச்செல்லும் சாயல்களே அதன் உயிர். அகன்ற பள்ளமாக அரித்துவிட்டால், மிகுந்த மையைத் துடைக்கும்போது பள்ளத்தின் நடுவிலுள்ள மையும் துணியோடு போய்விடும். ஓரத்தில் மட்டும் கறை நிற்கும். ஆகவே பள்ளத்தைச் சிறுசிறு அறைகளாகப் பிரிக்கவேண்டும். அவ்வறைகள் மையைப் பற்றி நிற்க வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியனவாயும் இருத்தல் வேண்டும். சாம்பல் நிறத்தை மையிற் பெறுதற்கு இருந்த இடர் இதுவே.

1852-இல் டால்பட் இதற்கு முதல் வழியைக் கண்டார். பொட்டாசியம் பைகுரோமேட்டு என்னும் உப்பு ஒளிக்கு இசைவது என்பதை ஸ்காட்லாந்தினராகிய பாண்டன் 1839-இல் வெளியிட்டிருந்தார். அவ்வுப்பைக் கலந்த ஜெலட்டின் பசை ஒளி பட்ட இடத்தில் இறுகி நீரிற் கரையாத தன்மை எய்தும் என்பதை டால்பட் கண்டறிந்தார். அப்பசையை எஃகுத் தகட்டிற் பூசி, மெல்லிய வலைத்துணியை அதன்மேல் இட்டு ஒளி காட்டினார். துணியின் இழைகள் சாயலை நுண்ணிய கட்டங்களாகப் பிரித்தன. பின்பு இலை முதலியவற்றின் உருவத்தைப் பதியவைத்துத் தகட்டை அரித்தெடுத்து மை இட்டு அச்சடித்தார். வலையினால் சாயலைப் பிரிக்கும் இக்கருத்தே பிற்காலத்துச் செய்தித்தாட் படங்களிலுள்ள புள்ளித்திரைக்கு வித்தாயிற்று. 1880-ஆம் ஆண்டையொட்டிப் பிறர் அதனைச் செம்மைப்படுத்தி உலகெங்கும் பரப்பினர்.

ஆறு ஆண்டு கழித்து 1858-இல் அவர் இரண்டாம் முறைக்கு உரிமை பெற்றார். துணிக்குப் பதிலாகக் குங்கிலியம் போன்ற கோப்பல் பிசினைத் தூளாக்கி ஜெலட்டின்மேல் தூவி, வெப்பத்தால் உருக்கி ஒட்டவைத்தார். எண்ணற்ற பிசின் துளிகள் ஒழுங்கின்றிப் பரவி, மை நிற்பதற்குரிய சிற்றறைகளை உண்டாக்கின. அரிப்பதற்கு இரும்புக் குளோரைடுக் கரைசலைப் பயன்படுத்தினார். இக்கரைசலில் ஒரு வியப்பு உண்டு. செறிவு மிகுந்த கரைசல் இறுகிய ஜெலட்டினை எளிதில் ஊடுருவாது. நீர் சேர்த்து நெகிழ்த்தினால் விரைந்து ஊடுருவும். ஆதலின் பலவகைச் செறிவுள்ள கரைசல்களை மாறி மாறிப் பூசி, கருமையான பகுதி ஆழமாகவும் இளஞ்சாயல் மேலோட்டமாகவும் அரிக்கும்படி செய்தார். ஆழ்ந்த அறை மிகுந்த மையை ஏற்றுக் கறுத்தது. ஆழமற்றது சிறிதே ஏற்றுச் சாம்பல் நிறம் காட்டியது. அவ்வாண்டு நவம்பரில் நிழற்படப் பத்திரிகை ஒன்று அவர்தம் தகடுகளால் அச்சிட்ட படங்களை வெளியிட்டது. 1862-இல் லண்டனில் நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சியில் இம்முறைக்காக அவர் பதக்கம் பெற்றார். ஆயினும் அவர் மனம் நிறைவுறவில்லை. இளஞ்சாயல்கள் சில தகடுகளில் நன்கமையும், சிலவற்றில் மறைந்துவிடும். கை பழகிய அளவே வெற்றி கிட்டியது.

இவற்றிடையே அவர் மொழியாராய்ச்சியையும் கைவிடவில்லை. அசீரிய நாட்டின் ஆப்பெழுத்துக்களைப் படிக்க முயன்ற முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அவ்வெழுத்துக்களைப் படித்துவிட்டோம் என அறிஞர் கூறியதை உலகம் நம்பாதிருந்த காலத்தில், 1857-இல் டால்பட் ஒரு சோதனைக்கு வழி செய்தார். ஒரே கல்வெட்டைத் தாமும் ராலின்சன், ஹிங்க்ஸ், ஓப்பர்ட் என்னும் மூவரும் ஒருவரையொருவர் கலவாமல் மொழிபெயர்த்து, முத்திரையிட்டு ராயல் ஆசிய சங்கத்திற்கு அனுப்பினர். முத்திரை நீக்கிப் பார்த்தபொழுது நான்கும் பெரும்பாலும் ஒத்திருந்தன. ஐயம் நீங்கியது. முன்னர் 1851-இல், விரைந்து சுழலும் சக்கரத்தில் ஒட்டிய செய்தித்தாளை மின்பொறியின் ஒளியில் நிழற்படம் எடுத்து எழுத்துக்கள் தெளிவாயிருக்கக் காட்டியவரும் இவரே. துறைகள் பலவாயினும் அவர் நோக்கம் ஒன்றே: மறையும் தன்மையதை நிறுத்திப் படித்தல்.

டால்பட் 1877-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி லேகாக் மாளிகையிற் காலமானார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டுக்குப் பின் 1879-இல் கார்ல் கிளிச் என்னும் பொகீமிய நாட்டு ஓவியர் வியன்னா நகரில் அம்முறையைத் திருத்தி முடித்தார். அவர் பிசின்தூளை முதலிற் செப்புத்தகட்டின்மேல் தூவி, பிறகு ஸ்வான் என்பார் 1864-இல் கண்ட ஜெலட்டின் தாளை அதன்மேல் ஒட்டி, டால்பட் காட்டிய இரும்புக் குளோரைடினாலேயே அரித்தார். வெல்வெட்டுப் போன்ற கருமையும் பனிபோன்ற சாம்பல் நிறமும் ஒருங்கே அமைந்த படங்கள் கிடைத்தன. இன்றும் அதற்கு டால்பட்-கிளிச் முறை என்றே பெயர். அதன் வழியில் தோன்றிய உருளையச்சு இருபதாம் நூற்றாண்டின் படப்பத்திரிகைகளை இலட்சக்கணக்கில் அச்சிட்டது.

டால்பட் எழுப்பிய வினா இன்றும் உயிரோடிருக்கிறது. இக்காலத்தில் கணிப்பொறியுடன் இணைந்து நுண்ணிய மைத்துளிகளைத் தாளில் தெறிக்கும் அச்சுப்பொறிகள் உள்ளன. அவற்றிலும் கரிய மை ஒன்றையே கொண்டு இளஞ்சாயலைக் காட்ட முயன்றால், துளிகள் விட்டுவிட்டு விழுந்து மிளகுப்பொடி தூவியதுபோல் தோன்றும். நீலம், செம்மை, மஞ்சள் மைகளைக் கலந்து சாம்பல் நிறம் செய்தாலோ, பகலொளியில் ஒரு சாயலும் விளக்கொளியில் வேறொரு சாயலும் தோன்றிக் கண்ணை மயக்கும். ஆதலின் கரிய மையையே நெகிழ்த்துச் சாம்பல் மை, இளஞ்சாம்பல் மை என வகுத்துத் தனித்தனிக் குப்பிகளில் வைத்தனர். 2005-இல் எப்சன் நிறுவனம் இவ்வாறு மூன்று நிலைக் கருமை மைகளுடைய பொறிகளை வெளியிட்டது. இளஞ்சாயல் வேண்டுமிடத்தில் வெளிறிய மைத்துளிகள் நெருங்கி விழுந்து தாளை மூடுவதால் புள்ளி தெரிவதில்லை. படம் வழுவழுப்பாய் அமைகிறது. நிழற்பட வல்லார் சிலர் வண்ணமைகளையே நீக்கி, எல்லாக் குப்பிகளிலும் பலநிலைச் சாம்பல் மைகளை நிரப்பி அச்சிடுவர். டால்பட் பள்ளத்தின் ஆழத்தாற் பெற்றதை இவர்கள் மையின் நெகிழ்ச்சியாற் பெறுகின்றனர். அவர் நம்பிய கரியே இச்சாம்பல் மைகளிலும் பெரும்பாலும் நிறப்பொருளாய் நின்று படத்தை நெடுங்காலம் காக்கிறது.

லேகாக் மாளிகையை அவர்தம் பேத்தியார் மட்டில்டா அம்மையார் 1944-இல் தேசீய அறநிலையத்திற்கு அளித்துவிட்டார். பலகணியும் அங்கே உள்ளது. அதன் முதற்படமும் இருளிற் பேணப்பட்டு வருகிறது. அப்படத்தை நெடுநேரம் ஒளியிற் காட்ட இயலாது, காட்டின் கெடும். ஆனால் அவர் பிற்காலத்தில் மையினால் அச்சிட்ட படங்கள் அன்று அச்சிட்டாற்போலவே கரியனவாய் விளங்குகின்றன. முன்னதால் அவர் புகழ் பெற்றார். பின்னதன் முழு வெற்றியைக் காணாமலே மறைந்தார்.

மாணவ நண்பர்கள் இவ்வரலாற்றிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒருவர் தம் செயலில் குறை கண்டவிடத்து அதனை மறைக்க முயல்வதும், பிறர்மேற் சுமத்துவதும் உலக வழக்கம். உரிமை வழக்கில் டால்பட்டும் பிறரோடு பூசலிட்டார். ஆனால் தம் படங்கள் மங்கின என்பதைக் கண்டபின் அவர் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் வேறொரு துறையில் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார். அதனை முதுமை வந்தும் விடவில்லை. கையில் ஓர் அச்சுப்படம் கிடைக்கும்போது அதன் கருமையை மட்டும் நோக்காமல், வெண்மையோடு சேரும் எல்லையில் மெல்ல மறையும் சாம்பல் நிறத்தையும் ஒரு கணம் உற்று நோக்குவோமாக. அவ்வெல்லையிலேதான் அப்பெரியார் தம் உழைப்பை வைத்துச் சென்றார்.